ஓட்டிப் பார்த்ததாக எழுதியவர்

அவருக்கு ஆபீசில் கியாரண்டி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். சீக்கிரமே முகத்துக்கு நேராக வந்துவிட்டது, அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிப்பானேன், உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனார். இருபத்தோரு வருடம் ஒரே கம்பெனி, அதே ஜன்னலோர மேஜை, கைப்பிடி உடைந்த அதே நாற்காலி. "இது ஓடும்" என்று அவர் சொல்லிவிட்டால் ஓடும். "ஓடாது" என்று சொல்லிவிட்டால் எந்தக் கொம்பன் வந்து முக்கினாலும் ஓடாது. புதிதாகச் சேர்ந்தவர்கள், "கியாரண்டி பாத்துட்டாரா?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். பார்த்துவிட்டார் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

என்ன வேலை என்று வீட்டில் விளக்கி விளக்கி அவருக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. மனைவியின் தம்பி ஒருவன் இருக்கிறான். வரும்போதெல்லாம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஆரம்பிப்பான்.

"மாமா, போன தடவை சொன்னீங்க, மறந்துட்டேன். நீங்க கம்ப்யூட்டர் செய்றீங்களா, கம்ப்யூட்டர்ல செய்றீங்களா?"

"ரெண்டும் இல்லடா. ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு விஷயம் ஓடுதுன்னு சொல்றேன்."

"சொல்றதுக்கா சம்பளம்?"

"சொல்றதுக்குத்தான் சம்பளம்."

விஷயம் இதுதான். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் எந்த இயந்திரத்திலும் ஓடும் என்பார்கள். சும்மா ஓடிவிடாது. ஒவ்வொரு வகை சிப்புக்கும் ஏற்ற மாதிரி அடியில் ஒரு தளம் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். எல்லோரும் வைத்திருக்கிற சிப்பு என்றால் அதற்கு ஆயிரம் பேர் க்யூவில் நிற்பார்கள். யாரும் கேள்விப்படாத ஒரு சிப்பு, சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, அதன் மேல் எந்தப் புண்ணியவானோ மெனக்கெட்டு ஏற்றிய லினக்ஸ் இயங்குதளம், அதற்கும் மேல் ஜாவா வேண்டும் என்று கேட்டால், கியாரண்டியின் கம்பெனிதான் "நாங்க இருக்கோம்" என்று கை தூக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு. அதை அந்த போர்டில் ஓட்டிப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்து, வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வந்தால் பதில் சொல்வது அவர் பொறுப்பு.

வாங்கியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். வேறு ஊரில் குடிநீர் வழங்கும் ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவர். அறுபத்திரண்டு மேல்நிலைத் தொட்டிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பம்ப் அறை, ஒவ்வொரு அறையிலும் அந்த சோப்பு டப்பா போர்டு. தொட்டி நிறைந்தால் பம்பை நிறுத்த வேண்டும், குறைந்தால் போட வேண்டும். அந்த வேலையைச் செய்கிற ஜாவா புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர்தான் எழுதியிருந்தார். ஆறு வருடமாக மெயிலிலும் போனிலும் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. வீட்டில் அவரைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டி வந்தால் கியாரண்டி 'தண்ணி மேடம்' என்பார். மச்சான்காரன் ஒருநாள், "பேரே கிறுகிறுன்னு இருக்கே மாமா" என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தண்ணி மேடத்தின் மெயில்கள் நீளமாக, ஒழுங்காக இருக்கும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அதற்கு முன் தான் என்ன செய்தேன் என்று எதையும் விடமாட்டார். ஒவ்வொரு புதுப் பதிப்பும் வரும்போது அடியில் ஒரே வரி எழுதுவார்: "நீங்க ஓட்டிப் பார்த்தேன்னு சொன்னா போதும் சார், நான் கண்ணை மூடிக்கிட்டு ஏத்திடுவேன்." அந்த வரியை கியாரண்டி இரண்டு தடவை படிப்பார். ஒரு தடவை சும்மா படிப்பது, இன்னொரு தடவை ருசிக்காகப் படிப்பது.

ஓட்டிப் பார்க்கிற போர்டு ஆபீசில் ஒன்றே ஒன்று இருந்தது. டீ போடும் அறைக்குப் பக்கத்தில், இரும்பு அலமாரியின் இரண்டாவது தட்டில், 'அணைக்காதீர்கள்' என்று அவர் கையால் எழுதி ஒட்டிய சீட்டோடு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆபீஸ் மூன்றாவது மாடியிலிருந்து ஐந்தாவது மாடிக்கு மாறியபோது, சாமான் தூக்க வந்தவர்கள் அதைப் பழைய கீபோர்டுகளோடு ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார்கள். மேலே வந்து செருகியபோது பச்சை விளக்கு இரண்டு தடவை மினுக்கிவிட்டு அடங்கிப்போனது. வயரை மாற்றினார், தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். லேசாகக் கருகிய வாடை வந்தது.

புதிது வாங்கித் தரச் சொல்லி எழுதினார். கொள்முதல் பிரிவிலிருந்து, அந்த மாடலை இப்போது செய்வதில்லை, கையிருப்பு வைத்திருப்பவர்களைத் தேடவேண்டும், மூன்று இடத்தில் விலை கேட்கவேண்டும் என்று பதில் வந்தது. நியாயம்தான். ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்தது. அது நகர்கிற வேகத்துக்கு ஆமை பரவாயில்லை. இதற்கிடையில் புதுப் பதிப்பு வெளியிடும் தேதி வந்துவிட்டது.

கியாரண்டி அப்போது ஒன்று செய்தார். சாதாரணக் கம்ப்யூட்டருக்குள்ளே, அந்த போர்டு மாதிரியே வேஷம் கட்டி நடிக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது. எமுலேட்டர் என்பார்கள். அதில் புதுப் பதிப்பை ஓட்டினார். எட்டாயிரம் சோதனை, எட்டாயிரமும் தேறியது. இதுவரைக்கும் தப்பில்லை. பிறகு சான்றுப் படிவத்தைத் திறந்தார். அதில் 'ஓட்டிப் பார்த்த இயந்திரம்' என்று ஒரு கட்டம். எமுலேட்டர் என்று எழுதினால் பதிப்பு வெளியே போகாது, மேலே இருந்து கேள்வி வரும், தேதி தள்ளிப்போகும். போர்டின் பெயரை எழுதினார். இந்த ஒரு தடவைதானே, அடுத்த மாதம் போர்டு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். எழுதி முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனபோது காது இரண்டும் சுட்டது.

அடுத்த மாதம் போர்டு வரவில்லை. அதற்கடுத்த பதிப்புக்கும் அப்படியே எழுதினார், காது கொஞ்சம் குறைவாகச் சுட்டது. நாலாவது பதிப்புக்கு, மகளின் பள்ளிக்கூட வேன் ஏன் தாமதம் என்று போனில் பேசிக்கொண்டே அந்தக் கட்டத்தை நிரப்பினார். பதினாலு மாதத்தில் ஐந்து பதிப்பு. தண்ணி மேடம் ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினார்.

பிறகு ஒரு காலையில் மேடத்திடமிருந்து மெயில் வந்தது. பதினேழாம் நம்பர் தொட்டி நிறைந்து வழிந்திருக்கிறது. போர்டு உயிரோடு இருக்கிறது, லினக்ஸ் ஓடுகிறது, ஜாவா புரோகிராம் மட்டும் உறைந்து நிற்கிறது. நாலு நாள் கழித்து நாற்பதாம் நம்பர் தொட்டி. கியாரண்டி அவருடைய புரோகிராமை வாங்கி எமுலேட்டரில் மூன்று நாள் ஓட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. தங்கமாக ஓடியது.

அன்றைக்கு எழுதிய பதில்தான் அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே கேவலமான கடிதம். மரியாதையாகத்தான் எழுதினார். "உங்கள் புரோகிராமை எங்கள் போர்டில் எழுபத்திரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தோம். நீங்கள் சொல்லும் பிரச்சினை வரவில்லை. உங்கள் புரோகிராமில் எங்காவது குறை இருக்கிறதா என்று சரிபார்க்கவும்." எங்கள் போர்டில் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? ஐந்து தடவை போர்டு இருக்கிறது என்று எழுதியாயிற்று. ஆறாவது தடவை திடீரென்று இல்லாமல் போக முடியுமா என்ன? அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். இரவு நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேடம் நம்பினார். தன் புரோகிராமை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் மாற்றி எழுதினார். "இந்த இடத்தில் நான் செய்தது சரிதானா சார்?" என்று மூன்று வாரத்தில் பதினோரு மெயில். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கியாரண்டி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். பொறுமையாக எழுதியதில் ஒரு நல்ல மனுஷன் என்கிற நினைப்பு வேறு.

மூன்றாவது தடவை வழிந்தது குடியிருப்புக்கு நடுவில் இருந்த தொட்டி. விடிகிற நேரத்தில் கீழ்த்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. ஒரு தையல்காரரின் கடையில் தைத்து அடுக்கியிருந்த துணி எல்லாம் ஊறிப்போனது. ஆட்கள் கூடிச் சத்தம் போட்டார்கள். குடிநீர் ஆபீஸ் விசாரணை வைத்தது. அன்று மேடம் போனில் பேசியபோது குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது சார். புரோகிராம்ல தப்புன்னு முடிவானா என்னை எடுத்துடுவாங்க. அதைவிட, என் பேரைப் போட்டு எழுதி வச்சிடுவாங்க. அப்புறம் யாரு என்னைப் புரோகிராம் எழுதக் கூப்பிடுவாங்க?"

"அப்படியெல்லாம் ஆகாது மேடம்."

"உங்க ரிப்போர்ட்டைத்தான் சார் அவங்க ஆதாரமா வச்சிருக்காங்க. ஜாவா கம்பெனிக்காரங்க அவங்க போர்டுல மூணு நாள் ஓட்டியிருக்காங்க, வரலைன்னா தப்பு உங்க பக்கம்தானேங்கிறாங்க. அவங்க சொல்றதும் சரிதானே?"

மேடமே தொடர்ந்தார். "ஒரு உதவி பண்ணுங்க சார். பதினேழாம் நம்பர் டாங்க்ல இருந்த போர்டைக் கழட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கேன். ஒருவேளை எங்க போர்டுலயே ஏதாவது கோளாறோ என்னவோ. உங்களோடதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தீங்கன்னா தெரிஞ்சிடும்."

செவ்வாய்க்கிழமை காலை பார்சல் வந்தது. குழந்தைகள் ஷூ வாங்கும் அட்டைப்பெட்டி. உள்ளே மூன்று சுற்றுச் சுற்றிய குமிழ் பிளாஸ்டிக். போர்டு, மின்சாரம் கொடுக்கும் அடாப்டர், வயர்கள். எந்த வயர் எதில் செருகவேண்டும் என்று ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதம் சுற்றி, உருண்டையான கையெழுத்தில் எழுதியிருந்தது. போர்டின் முதுகில் '17' என்று ஒரு லேபிள். ஒரு குறிப்புச் சீட்டு: "உங்களுக்கு வேலை வைப்பதற்கு மன்னிக்கவும் சார்."

கியாரண்டி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரிடம் என்ன இருந்தது? கருகிப்போன ஒன்று அலமாரியில் கிடந்தது, 'அணைக்காதீர்கள்' சீட்டு மட்டும் இன்னும் உரியவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் மன்னிப்புச் சீட்டை வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்கு உடம்பே கூசியது.

பத்தரை மணிக்கு மேடத்தின் போர்டில் மேடத்தின் புரோகிராமை, தொட்டி நிமிடத்துக்கு ஒரு தடவை நிறைந்து குறைவதாகக் கணக்குக் கொடுத்து, ஓடவிட்டார். பதினாலு மாதம் கழித்து நிஜமாக ஓட்டுகிறார். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டே முக்கால் மணிக்குத் திரையில் எண்கள் நகர்வது நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நகரவில்லை. எழுபத்திரண்டு மணி நேரம் வரவில்லை என்று எழுதிக் கொடுத்த பிரச்சினை நாலேகால் மணி நேரத்தில் வந்து எதிரே நின்றது.

காரணம் கண்டுபிடிக்க மறுநாள் மத்தியானம் ஆனது. புரோகிராமுக்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேஜையில் தட்டை வைத்துவிட்டு மணி அடிக்கவேண்டும். தூங்குகிற இன்னொருவர் மணி கேட்டு எழுந்து வந்து சாப்பிடவேண்டும். இந்த சிப்புக்கு ஒரு குணம் உண்டு. இன்னதற்குப் பிறகுதான் இன்னது என்று கறாராகச் சொல்லாவிட்டால், எப்போதாவது தட்டு மேஜைக்கு வந்து சேரும் முன்பே மணி கேட்டுவிடும். தூங்கியவர் எழுந்து வருவார், மேஜை காலியாக இருக்கும், யாரோ தெரியாமல் அடித்துவிட்டார்கள் என்று திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார். தட்டு அதற்கப்புறம் வரும். வைத்தவரோ, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பார். இப்படி இரண்டு பேரும் உறைந்துவிட, பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கறாராகச் சொல்லும் அந்த ஒரு வரி ஜாவாவின் அடித்தளத்தில் முன்பு இருந்தது. வேகம் கூட்டுகிறேன் என்று யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தது, அவர் போர்டில் ஓட்டாமல் கடைசியாக விட்ட ஐந்தாவது பதிப்பில். எமுலேட்டர் ஓடுகிற சாதாரணக் கம்ப்யூட்டரில் தட்டுக்கு முன்னால் மணி கேட்கவே கேட்காது. அதில் மூன்று நாள் என்ன, மூன்று வருடம் ஓட்டினாலும் இந்தப் பிழை தலைகாட்டியிருக்காது. போர்டில் ஒரே ஒரு பகல் ஓட்டியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். மேடம் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மேனேஜரிடம் போனார். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவன், நல்ல பிள்ளை. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"கண்டுபிடிச்சிட்டீங்கல்லண்ணே, அது போதும். அடுத்த ரிலீஸ்ல சேர்த்து விட்டுடுவோம். குறிப்புல 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டுடலாம்."

"அந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விசாரணை இருக்குப்பா. நான் போர்டுல ஓட்டினேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போர்டு செத்தது எனக்குத் தெரியாதா? வாங்குற ஃபைல்ல நான்தானே கையெழுத்துப் போட்டேன்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினான். "இப்போ போய் அதையெல்லாம் கிளறினா, மத்த கஸ்டமர்லாம் அவங்கவங்க சான்றைத் தூக்கிட்டு வருவாங்கண்ணே. கொஞ்சம் யோசிங்க."

தன்னோடு இன்னொருவனுக்கும் தெரியும் என்றதும் கியாரண்டிக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதை நினைத்துத்தான் பிறகு அதிகம் வெட்கப்பட்டார். தான் மறைத்ததாக நினைத்த பொய்யை அந்த மாடியில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்திருக்கிறார்கள். கியாரண்டி என்று கூப்பிட்டபோதெல்லாம் அதில் எத்தனை பேர் மனதுக்குள் சிரித்தார்களோ.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவர், ஒரு நாளைக்கு எண்பது பேரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறவர். கியாரண்டி கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நடுநடுவே, எமுலேட்டர் கிட்டத்தட்ட போர்டு மாதிரிதான், எட்டாயிரம் சோதனை தேறியது, கொள்முதல்காரர்கள் இழுத்தடித்தார்கள் என்று பூசி மெழுகவும் பார்த்தார். மனைவி ஒரு தலையணை உறையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"படமே எடுக்காம ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க."

"அப்படிச் சொல்லிட முடியாது. அது வந்து..."

"வேற எப்படிச் சொல்றது? எங்க சென்டர்ல ஒருத்தி அப்படிப் பண்ணினா நீங்க என்ன சொல்வீங்க?"

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள், பத்தாவது படிக்கிறவள், காது மட்டும் எப்போதும் பால்கனியில் இருக்கும். "தண்ணி மேடம்கிட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

"நாளைக்குச் சொல்றேன்மா."

"ஏன் இன்னிக்குச் சொல்லல?"

இன்றைக்கே சொல்லியிருக்கலாம், போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. மேடம் திட்டுவார் என்ற பயம் இல்லை. 'நீங்க ஓட்டிப் பார்த்தேன்னு சொன்னா போதும்' என்கிற வரி அத்தோடு போய்விடும் என்ற பயம். ஒரு பெண்ணின் வேலை ஊசலாடும்போது இந்த ஆளுக்குக் கவலை தன்மேல் இருந்த நம்பிக்கையைப் பற்றி. அதையும் அவரே கவனித்தார், இன்னும் குறுகிப்போனார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாடிப்படி வளைவில் நின்று போன் போட்டார். அவர் வாயைத் திறக்கும் முன் மேடம் பேசினார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். போர்டைத் திருப்பி அனுப்பிடுங்க, சிரமப்பட வேண்டாம். நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்."

"என்ன கையெழுத்து?"

"என் புரோகிராம்தான் காரணம்னு. ஒத்துக்கிட்டா வேலையை விட்டுப் போறதோட விட்டுடுவாங்களாம், பேரை எழுதமாட்டாங்களாம். நீங்க மூணு நாள் ஓட்டிப் பாத்தும் வரலைங்கும்போது நான் என்னன்னு சார் வாதாடுறது?"

கியாரண்டிக்கு இரவெல்லாம் தயார் செய்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மேடம், எங்ககிட்ட போர்டு இல்ல."

"புரியலை சார்."

"செத்துப்போச்சு. நான் ஓட்டவே இல்ல. வேற ஒண்ணுல ஓட்டிட்டு போர்டுல ஓட்டினதா எழுதினேன். உங்க போர்டுலதான் முந்தாநாள் ஓட்டினேன். நாலு மணி நேரத்துல நின்னுபோச்சு. தப்பு எங்க ஜாவால இருக்கு. உங்க மேல ஒண்ணும் இல்ல."

மறுமுனையில் தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா போர்டு இல்ல?"

"பதினாலு மாசம்."

"அஞ்சு ரிலீஸ்," என்றார் மேடம். கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகவில்லை. "அஞ்சையும் அறுபத்திரண்டு டாங்க்லயும் ஏத்தினேன் சார்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "மூணு வாரமா நான் எழுதின ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டேன். எனக்கு இந்த வேலை தெரியாதோன்னு நினைச்சேன். வீட்ல அப்படியே சொன்னேன், எனக்கு வேலை தெரியலைன்னு."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுக்கிறேன்."

"இப்பவே வேணும். வாயால சொன்னா பத்தாது சார்."

கடைசி வாக்கியத்தை மேடம் கோபமாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். கியாரண்டிக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மேஜைக்குப் போய் எழுதினார். போர்டு எந்தத் தேதியில் செத்தது, எந்தெந்தப் பதிப்பை ஓட்டாமல் ஓட்டியதாக எழுதினேன், மேடத்தின் புரோகிராமில் குறை இல்லை, பிழை எங்களுடையது. 'நாங்கள்' என்று தொடங்கியிருந்த இடத்தையெல்லாம் அழித்து 'நான்' என்று மாற்றினார். கமிட்டிக்கு அனுப்பினார், மேடத்துக்கு அனுப்பினார், மேனேஜருக்கும் ஒரு பிரதி. அனுப்பிய பிறகாவது மனசு ஆறும் என்று நினைத்திருந்தார். ஆறவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு எழுதியிருந்தால் இது நேர்மை, இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதியது என்று அவருக்கே தெரிந்தது.

கமிட்டி மேடத்தின் கையெழுத்துக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வேலை தங்கியது. திருத்திய ஜாவா பத்து நாளில் போனது. பதினாலு மாதமாக உலகத்தில் எங்கும் கிடைக்காத போர்டு ஒன்பதே நாளில் மூன்று கிடைத்தது. எங்கிருந்து முளைத்ததோ, கொள்முதல்காரர்களைத்தான் கேட்கவேண்டும். மேனேஜர் சொன்ன மாதிரியே மற்ற கஸ்டமர்களும் வந்து கத்தினார்கள். கியாரண்டியை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஒரு கண்டனக் கடிதம் கொடுத்து அதே மேஜையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கியாரண்டி என்று கூப்பிடவில்லை. சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் சார் என்றார்கள், ரொம்ப மரியாதையாக. மேனேஜர்கூட.

மேடத்தின் போர்டைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டு எழுதினார். "அங்கேயே இருக்கட்டும்" என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பு வெளியானபோது ஏன் என்று புரிந்தது. மேடம் எழுதியிருந்தார்: "பதினேழாம் நம்பர் போர்டில் ஓட்டிப் பார்த்து, அது ஓடும்போது படம் எடுத்து இணைக்கவும். வரிசை எண் தெரியவேண்டும். பக்கத்தில் அன்றைய தேதியைக் கையால் எழுதி வைக்கவும்." முதல் தடவை அவர் எடுத்த படத்தில் அவருடைய கை நிழல் எண்ணின் மேல் விழுந்திருந்தது. "எண் தெரியவில்லை. மறுபடி எடுக்கவும்" என்று மேடம் திருப்பி அனுப்பினார். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழல் படாது என்று வீட்டில் மனைவிதான் மேஜை விளக்கை வைத்துக் காட்டினார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தில் தேதி எழுதுகிறார். உருண்டையான கையெழுத்துச் சீட்டுகள் இன்னும் கழலாத வயர்களோடு பதினேழாம் நம்பர் போர்டை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, பச்சை விளக்கும் எண்ணும் விழுகிற மாதிரி படம் எடுக்கிறார். அரைமணி நேரத்தில் பதில் வந்துவிடும். "படம் கிடைத்தது. ஏற்றுகிறேன்." அவ்வளவுதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கடைசி வரை உருட்டிப் பார்க்கிறார்.